முப்பது சீட் ஓட்டலும் ஒரு புகை ரூமும்

"தனியா ஒரு ரூம் கட்டி விட்டுட்டா பிரச்சனை முடிஞ்சுது. பிடிக்கிறவன் உள்ள போய் பிடிக்கட்டும், பிடிக்காதவன் வெளிய இருக்கட்டும். இதுக்கு எதுக்குய்யா சட்டம், கோர்ட்டு எல்லாம்?"

எங்க ஆபீஸ்ல பொட்டி தட்டுற கூட்டத்துல இதைச் சொல்லாத ஆளே கிடையாது. பிடிக்கிறவன் மட்டும் இல்லை, வாழ்க்கையில ஒரு சிகரெட்டைக் கூட தொடாதவனும் இதையேதான் சொல்றான். கேக்க ரொம்ப நியாயமா இருக்கு. சரி, இந்த நியாயம் முதல்ல யார் வாயிலேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்ச நாளா தேடிப் படிச்சதுல சேர்ந்த சங்கதிகள்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆணி குறைவா இருக்குற நாள்ல படிங்க :-)

முதல்ல நம்ம நாட்டுச் சட்டக் கதையை வேகமா ஓட்டிடுவோம். 1999 ஜூலையில கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்துல புகைக்கிறது பொதுத் தொல்லை, அதாவது குற்றம்னு தீர்ப்பு சொல்லிச்சு. நாட்டுலயே அதுதான் முதல். 2001 நவம்பர்ல, முரளி தியோரா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூலகம், கோர்ட், அரசு அலுவலகம், பஸ், ரயில்னு பட்டியல் போட்டு நாடு முழுக்கத் தடை பண்ணிச்சு. தமிழ்நாட்டுல புகைக்கவும் எச்சில் துப்பவும் தடை விதிச்சு 2002ல தனிச் சட்டமே வந்துச்சு. (அந்த ரெண்டாவது பாதி என்ன ஆச்சுன்னு எந்த பஸ் ஸ்டாண்டுல வேணா போய் பாத்துக்குங்க.) 2003ல மத்திய அரசோட சட்டம், கோட்பான்னு சுருக்கமா சொல்லுவாங்க. அதுல 4வது பிரிவு பொது இடத்துல புகைக்கத் தடை போடுது.

அதே 4வது பிரிவுல ஒரு ஜன்னலும் திறந்து வெச்சிருக்காங்க. 30 ரூம் இருக்குற ஓட்டல், 30 பேர் உக்காரக்கூடிய ரெஸ்டாரண்ட், அப்புறம் விமான நிலையம்... இங்கெல்லாம் புகைக்கிறதுக்குத் தனி இடம் வெச்சுக்கலாம். எங்க ஊர் ஜங்ஷன் எதிர்ல இருக்குற டீக்கடைக்கு இது கிடையாது. நாலு பெஞ்சு, ஒரு பாய்லர் வெச்சிருக்கிறவரு எங்க போய் தனி ரூம் கட்டுவாரு? ஆக ஜன்னல் யாருக்குன்னு அளவு எடுத்துதான் வெச்சிருக்கு.

அதுக்கப்புறம் 2008. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சர். பழைய விதிகளை இறுக்கி, அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னிக்கு அமலுக்கு வர்ற மாதிரி புது விதிகள் போட்டாரு. ஆபீஸ், கேண்டீன், பப், மால், சினிமா தியேட்டர் எல்லாம் பேர் சொல்லி உள்ள வந்துச்சு. அந்தத் தனி ரூமுக்கும் நிபந்தனை: நாலு பக்கமும் முழுச் சுவர், தானா மூடிக்கிற கதவு, உள்ள காத்தழுத்தம் வெளியை விடக் கம்மியா இருக்கணும், புகை நேரா கட்டடத்துக்கு வெளிய போகணும். பொது இடத்துல ஆஷ் ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைக்கக் கூடாது.

நான் அப்போ சின்னப் பையன். எங்க ஊர்ல இதை யாரும் சட்டமா பாக்கலை, அரசியலாத்தான் பாத்தாங்க. காரணம் இருக்கு. 2002ல பாபா படத்துல ரஜினி சிகரெட் பிடிக்கிறாருன்னு பாமக எதிர்த்து வடதமிழ்நாடே ரெண்டு பட்டுச்சு. 2006 தேர்தல்ல அதே பாமக வேட்பாளரை விருத்தாசலத்துலயே தோக்கடிச்சுதான் கேப்டன் முதல் முறையா சட்டசபைக்குப் போனாரு. அதனால ரெண்டு வருஷம் கழிச்சு அன்புமணி சிகரெட்டைப் பத்தி என்ன சொன்னாலும், கடைத்தெருவுல பாதிப் பேரு "இவங்களுக்கு வேற வேலை இல்லை"ன்னுட்டு இன்னொண்ணு பத்த வெச்சாங்க. அவங்கவங்க கட்சிக் கோபத்துல, அந்த நேரத்துல கோர்ட்டுல எதிர்ப்பக்கம் யார் நின்னாங்கன்னு கவனிக்காம விட்டாச்சு.

நின்னது ஐடிசி. கூடவே ஓட்டல் சங்கங்கள். 2008 செப்டம்பர் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விதிகளுக்குத் தடை விதிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. மூணு நாள்ல விதிகள் அமலுக்கு வந்துச்சு.

சிகரெட் கம்பெனி சரி, ஓட்டல்காரங்களுக்கு இதுல என்னன்னு கேப்பீங்க. இங்கதான் விஷயமே இருக்கு. ஐடிசிங்கிறது 1910ல கல்கத்தாவுல இம்பீரியல் டொபாக்கோங்கிற பேர்ல ஆரம்பிச்ச கம்பெனி. 1975ல அவங்க ஓட்டல் தொழிலுக்கு வந்தாங்க. முதல் ஓட்டல் எங்கன்னு நினைக்கிறீங்க? நம்ம சென்னையிலதான். சோழா ஓட்டல். கத்தீட்ரல் ரோட்டுப் பக்கம் போனவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆக 2008ல சிகரெட் விக்கிறவரும் அதைப் பிடிக்க ரூம் வாடகைக்கு விடுறவரும் ஒரே ஆளு. 2025 ஜனவரியிலதான் ஓட்டல் தொழிலைத் தனி கம்பெனியாப் பிரிச்சாங்க. அதுலயும் சுமார் 40 சதவீதம் அவங்க கையிலதான்.

நம்ம ஊர்ல ரெண்டும் ஒரே குடும்பம். வெளிநாட்டுல குடும்பம் வேற வேற, அதனால கல்யாணம் பண்ணி வெக்க வேண்டியிருந்துச்சு. 1987ல கலிபோர்னியாவுல பெவர்லி ஹில்ஸ் நகரத்துல ரெஸ்டாரண்ட்ல புகைக்கத் தடை போட்டாங்க. உடனே அந்த ஊர் ரெஸ்டாரண்ட் சங்கம்னு ஒண்ணு கிளம்பி, வியாபாரம் 30 சதவீதம் விழுந்துடுச்சுன்னு கூப்பாடு போட்டுச்சு. சில மாசத்துல தடையைத் தளர்த்திட்டாங்க. அப்புறமா விற்பனை வரிக் கணக்கை எடுத்துப் பாத்தா வியாபாரம் விழவே இல்லை. ஆனாலும் அந்த 30 சதவீதம் ஊர் ஊரா சுத்துச்சு. எங்கெல்லாம் சட்டம் வருதோ அங்கெல்லாம் அதே நம்பர். கடைசியில 1994ல அந்தச் சங்கத்தோட தலைவரா இருந்தவரே நியூயார்க் நகர சபைக்கு எழுதிட்டாரு: தடை வர்றதுக்கு முன்னாடி அப்படி ஒரு சங்கமே இல்லை, எங்களைச் சேர்த்து வெச்சதே சிகரெட் கம்பெனிங்கதான்னு.

1998ல அமெரிக்க வழக்குகள் முடிஞ்சப்போ கம்பெனிகளோட உள் ஆவணங்கள் லட்சக்கணக்குல வெளிய வந்துச்சு. அதைப் படிச்ச ஆராய்ச்சியாளர்கள் 2002ல டொபாக்கோ கண்ட்ரோல் இதழ்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. ஓட்டல் தொழிலைச் சிகரெட் கம்பெனிங்க எப்படிப் பயன்படுத்துச்சுங்கிறதுதான் விஷயம். பிலிப் மாரிஸ், சர்வதேச ஓட்டல் சங்கத்தோட சேர்ந்து ஒரு திட்டத்தைப் பல நாட்டுக்குக் கொண்டு போயிருக்கு. பேரு 'கர்ட்டசி ஆஃப் சாய்ஸ்'. சின்னம் அந்தக் கறுப்பு வெள்ளை யின் யாங் வட்டம். சாராம்சம்: தடை வேண்டாம், ரெண்டு பேருக்கும் இடம் ஒதுக்குவோம், நல்ல காத்தோட்டம் வெச்சுட்டாப் போதும். காத்தோட்டத்துக்கு ஆலோசகர்களையும் அவங்களே ஏற்பாடு பண்ணிக் குடுத்திருக்காங்க.

எங்க ஆபீஸ் பையன் சொன்ன அதே வசனம்! அவனுக்குப் பைசா வரலைங்கிறதுதான் வித்தியாசம்.

இதுல எனக்குப் பிடிச்ச சாமர்த்தியம் ஒண்ணு இருக்கு. 'சட்டமே வேண்டாம்'னு ஒருத்தன் சொன்னா ஊரே சண்டைக்கு வரும். 'சட்டம் வேணும், ஒரு சின்ன ரூம் மட்டும்'னு சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. 1994ல கலிபோர்னியாவுல பிலிப் மாரிஸ் ஒரு படி மேல போய், மாநிலம் முழுக்கப் புகைக்கு ஒரே சட்டம்னு தானே ஒரு தீர்மானத்தை மக்கள் ஓட்டுக்குக் கொண்டு வந்துச்சு. உள்ள பாத்தா, ஊர் ஊரா இருந்த கடுமையான தடைகளை எல்லாம் செல்லாததாக்குற சட்டம் அது. நல்லவேளை, தோத்துப் போச்சு.

சரி, அந்த ரூம் வேலை செய்யுமா செய்யாதா? நான் படிச்சது பி.ஈ. பாக்குற வேலைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லைன்னாலும், இந்தக் கேள்விக்குப் பதில் எங்க ஊர் சூளையிலயே இருக்கு. தெரியாதவங்களுக்கு: விருத்தாசலம் செராமிக் ஊர். நெய்வேலியில நிலக்கரிக்கு மேல இருக்குற களிமண்ணை வெச்சு வளர்ந்த தொழில். செராமிக் தொழிற்பேட்டை உண்டு, அதுக்குன்னே அரசு டிப்ளமா காலேஜ் உண்டு. பொம்மை, அகல் விளக்கு, ஃப்யூஸ் கட்டை, டீ கப்னு வரிசையா யூனிட்டுங்க. ஆஷ் ட்ரே கூட செஞ்சிருக்காங்க, எங்க வீட்டு ஷெல்ஃப்ல ஒண்ணு ஊசி நூல் போட்டு வெக்க இன்னும் இருக்கு.

பழைய டவுன் டிராஃப்ட் சூளையை பாத்திருக்கீங்களா? நெருப்பு மேல ஏறி, கூரையில முட்டி, அடுக்கி வெச்ச சரக்கு வழியா கீழ இறங்கி, தரை ஓட்டை வழியா சுரங்கத்துல போய் புகைபோக்கியில வெளியேறும். புகை ஒரே வழியாத்தான் போகும். ஏன்னா இழுக்கிறதுக்கு ஒரு உசரமான புகைபோக்கி இருக்கு, அதை விட முக்கியமா, பத்த வெக்கிறதுக்கு முன்னாடி வாசலைச் செங்கல் வெச்சு மண்ணு பூசி அடைச்சிடுவாங்க. வெந்து ஆறுற வரைக்கும் திறக்கவே மாட்டாங்க. திறந்தா இழுவை போச்சு, சரக்கும் போச்சு.

ஓட்டல் புகை ரூம் கதவு ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை தடவை திறக்கும்? ஒவ்வொரு ஆள் வெளிய வரும்போதும் கூடவே ஒரு மூட்டை காத்தும் வரும். சுத்தம் பண்ண உள்ள போற ஊழியருக்கு எந்தக் கதவும் காவல் இல்லை. நான் சொல்றது வேண்டாம். ஏர் கண்டிஷன் இஞ்சினியர்களோட அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே 2005லயே சொல்லிடுச்சு, கட்டடத்துக்குள்ள புகையால வர்ற ஆபத்தை நீக்க ஒரே வழி உள்ள பிடிக்காம இருக்கிறதுதான்னு. காத்தோட்டக் கருவி விக்கிறவங்களே காத்தோட்டம் போதாதுன்னு சொன்னா அப்புறம் என்ன பேச்சு? 2007ல உலக புகையிலை உடன்படிக்கையோட வழிகாட்டு நெறிகளும் தனி ரூம் பாதுகாப்பு இல்லைன்னே சொல்லுது. அந்த உடன்படிக்கையை இந்தியா 2004லயே ஏத்துக்கிட்டாச்சு.

இதெல்லாம் ஏன் இவ்ளோ மெனக்கெட்டு படிச்சேன்னா, எங்க தாய்மாமா. ஊர்ல ஒரு சின்ன யூனிட்டுல இருபது வருஷத்துக்கு மேல வேலை. பேர் வேண்டாம். பீடி, சிகரெட், பாக்கு எதுவும் கிடையாது, காபி கூட அளவுதான். அவர் உக்காந்திருந்தது பேக்கிங் ஷெட்டு. மூணு பக்கம் சுவர், மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, உள்ள சிலிக்கா புழுதி. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் எல்லாரும் பீடி குடிக்க ஒதுங்குறதும் அங்கதான். மாமாவுக்கு டிபி வந்துச்சு. டாக்டர் முதல்ல கேட்டது "எத்தனை வருஷமா பீடி?" மாமா இல்லைன்னாரு. டாக்டர் அத்தையைப் பாத்தாரு. அத்தையும் இல்லைன்னாங்க. அவர் நம்பின மாதிரி தெரியலை. சிலிக்கா புழுதியும் புகையும் நுரையீரலை டிபிக்குத் தோதா ஆக்குற ரெண்டு காரணங்கள். மாமா விஷயத்துல எது எவ்ளோன்னு யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு இப்போ தேவலாம், மாடிப்படி மட்டும் ரெண்டு தடவையா ஏறுறாரு. அவர் இருந்த ஷெட்டும் சட்டப்படி வேலை இடம்தான். அங்க ஒரு போர்டு கூட இருந்ததில்லை.

மாமா தனி ஆள் இல்லை. 2016-17ல மத்திய அரசு எடுத்த புகையிலை சர்வேயில, கட்டடத்துக்குள்ள வேலை பாக்குறவங்கள்ல 30.2 சதவீதம் பேர் வேலை இடத்துலயே அடுத்தவங்க புகையை சுவாசிக்கிறாங்கன்னு வந்துச்சு. விதிகள் வந்து எட்டு வருஷத்துக்கு அப்புறம். சிகரெட்டை விட பீடி பிடிக்கிறவங்க அதிகம்னும் அதே சர்வே சொல்லுது: 4 சதவீதம், 7.7 சதவீதம். பெரிய கம்பெனியை மட்டும் திட்டிட்டுப் போறவங்க இதையும் பாக்கணும்.

அபராதம் 200 ரூபா வரைக்கும். யார் போடலாம்னு ஒரு பட்டியல் இருக்கு, ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர், ஹெட்மாஸ்டர் எல்லாம் உண்டு. ஹெட்மாஸ்டருக்கு இருக்குற வேலையில இதுவுமான்னு பாவமா இருக்கு. பெட்டிக்கடையில தொங்குற நெருப்புக் கயிறு தெரியும்ல? புகைக்க வசதி பண்ணித் தர்ற எந்தப் பொருளும் பொது இடத்துல கூடாதுங்கிறது விதி. டீக்கடை வாசல்ல அந்தக் கயிறு இன்னும் சாவகாசமா கனிஞ்சுக்கிட்டுதான் இருக்கு.

2020 கடைசியில மத்திய சுகாதாரத் துறை ஒரு திருத்த வரைவு வெளியிட்டுச்சு. புகை ரூமே கிடையாது, அபராதம் 200லேர்ந்து 2000, சில்லறையா ஒத்தை சிகரெட் விக்கக் கூடாது, வாங்குற வயசு 21. சில்லறை வியாபாரிகள் சங்கம், விவசாயிகள் சங்கம் எல்லாம் எதிர்த்தாங்க. ஒத்தை சிகரெட் விஷயத்துல பெட்டிக்கடைக்காரர் பயம் நிஜமான பயம், அதை நக்கல் பண்ண மாட்டேன். ஆனா 30 சீட் ஓட்டல் ரூமை மூடினா அவருக்கு என்ன நஷ்டம்? எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி வெச்சதுல, அவர் பேரைச் சொல்லி அந்த ரூமும் தப்பிச்சுடுச்சு. வரைவு இன்னும் சட்டமாகலை.

டிஸ்கி: என் பேர்ல எந்த சிகரெட் கம்பெனிப் பங்கும் இல்லை. ஆனா அப்பா எனக்காகப் போட்ட எல்ஐசி பாலிசி ஒண்ணு ஓடுது. ஐடிசியில எல்ஐசி வெச்சிருக்கிறது ஏறக்குறைய 15 சதவீதம். இது சரியான்னு 2017ல பம்பாய் உயர் நீதிமன்றத்துல பொதுநல வழக்கே போட்டாங்க. மாமாவுக்கும் ஒரு பாலிசி இருக்கு, அடுத்த வருஷம் முதிர்வு.