ரெண்டு சைபர்

‘ஃபினிஷ்’ என்று ஒரு பட்டனைப் பார்த்துவிட்டால் போதும், என் கை சும்மா இருக்காது. அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனால்தான் நிம்மதி. அந்தக் கைக்கு 2011 தீபாவளி சமயத்தில் சரியான சூடு கிடைத்தது.

அப்போது ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். பண்டிகைக்காகச் சம்பளத்தை முன்கூட்டியே போட வேண்டும். 84 பேர். சம்பள சாஃப்ட்வேர் தரும் டெக்ஸ்ட் ஃபைலை எக்செல்லில் திறந்து, பெயர், கணக்கு எண், தொகை என்று வங்கி கேட்கிற வரிசையில் கட்டங்களை மாற்றி, சிஎஸ்வி ஃபைலாக்கி அனுப்ப வேண்டும்.

திறக்கும்போதே எக்செல் மூன்று படிகளாகக் கேள்வி கேட்கும். கீழே, அட்டவணை எப்படி வரப்போகிறது என்று ஒரு முன்னோட்டம். மூன்றாவது படியில் ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ‘ஜெனரல்’ என்றிருக்கும். கணக்கு எண் கட்டத்தைத் தொட்டு ‘டெக்ஸ்ட்’ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், கூட்டிக் கழிக்கிற எண் என்று நினைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கிற சைபரை வெட்டிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்களைச் சைபராக்கிவிடும். இருக்கிற சைபரை எடுத்துவிட்டு, இல்லாத சைபரைப் போடுகிற புண்ணியவான்! ‘மார்ச்1’ என்று ஒரு மரபணு. அதை இது தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. விஞ்ஞானிகளுக்கே அந்தக் கதி!

ஆனால் என் விஷயத்தில் தப்பு எக்செல் மேல் இல்லை. அது கேட்கத்தான் செய்தது. நான்தான் முதல் படியிலேயே ‘ஃபினிஷ்’ அமுக்கிவிட்டு, மீதி வேலையைக் கடகடவென்று முடித்து, டீக்கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் 11 பேர் சம்பளம் வங்கியிலிருந்து திரும்பி வந்தது. என் சம்பளமோ கச்சிதமாக ஏறியிருந்தது. தர்மசங்கடம்!

வாட்ச்மேன் அண்ணன் பாஸ்புக்கும் கையுமாக வந்து நின்றார்.

“தம்பி, என் நம்பர் ரெண்டு சைபர்ல ஆரம்பிக்கும். அதைக் காணோமாமே?”

“சின்ன மிஸ்டேக்ண்ணே. ரெண்டு நாள்ல வந்துடும்.”

“பாப்பாவுக்குப் பாவாடை எடுத்து வெச்சிருக்கேன். பாதிப் பணம் குடுத்தாச்சு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மீதியைக் குடுக்கலேன்னா வேற யாருக்காவது வித்துடுவாராம் கடைக்காரர்.”

குரலை உயர்த்தவே இல்லை மனுஷர். திட்டியிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பேன். பர்ஸில் இருந்த 600 ரூபாயை நீட்டினேன். “சம்பளம் வந்ததும் திருப்பி வாங்கிக்கணும்” என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். வந்ததும் கொடுத்தும்விட்டார்.

அதற்கப்புறம் எந்த ஃபைலும், கடைசி வரி வரை பார்க்காமல் என் கையைவிட்டுப் போனதில்லை. முடித்த சிஎஸ்வி-யை எக்செல்லில் மறுபடி திறப்பதும் இல்லை. திறந்தால் சைபர் திரும்பவும் மாயம்! நோட்பேடில்தான் பார்ப்பேன்.

சில வருஷம் கழித்து அண்ணன் ரிட்டயர் ஆன மாதம், என் டேபிளுக்கு வந்தார்.

“கடைசிச் சம்பளம் தம்பி. ரெண்டு சைபரும் இருக்குதா?”

மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார்.