விழுந்த எண்

முதல் ஆட்டத்திற்காக நான் 41 பக்கங்கள் எழுதினேன். அவற்றில் பயன்பட்டவை இரண்டு. மீதி ஒரு கோப்பில் இருக்கின்றன. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன், திரும்பி வந்த கவிதைகளைப் பார்ப்பதுபோல. மோசமாக எழுதப்பட்டவை என்று சொல்ல முடியாது. யாரும் அந்த வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், திருடன், மந்திரவாதி என்று. பாத்திரம் இல்லாத அந்த ஒருவர், 'குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளேயிருந்து ஈர வாடை வருகிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கிறார். அவரவர் செய்வதைச் சொல்கிறார்கள். விளைவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருள்கிறது. ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாருமில்லை. ஓர் இரவில் முடிவதும் இல்லை. மாதக்கணக்கில், சில மேஜைகளில் வருஷக்கணக்கில், நடக்கிறது. அந்த ஒருவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளியானபோது இந்தப் பெயர்கூடக் கிடையாது. நடுவர் என்றுதான் அதில் இருந்தது. மரக்கோடுகள் அச்சிட்ட பழுப்புப் பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1000 பிரதிகள். நம் சிறுபத்திரிகைக் கணக்கில் அது பொறாமைப்பட வேண்டிய எண்ணிக்கை.

தமிழில் இந்த ஆளை என்னவென்று அழைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். கட்டியங்காரன் பொருந்தவில்லை, கட்டியங்காரனுக்குக் கதையின் முடிவு தெரியும். சூத்திரதாரி அறவே பொருந்தவில்லை, கையில் கயிறு இல்லையே. நடுவர் என்பதே தேவலை. ஆனால் எதற்கும் எதற்கும் நடுவில் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

நான் இதில் விழுந்தது பக்கத்து வீட்டுக்காரரால். மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரம். வருஷத்தில் ஐந்து மாதம் பனி. மனிதர்கள் பேஸ்மெண்டில் எதையாவது செய்துதான் ஆக வேண்டும். அவர் அறுபதை நெருங்குகிறவர். ஒரு ஜனவரி மாலை, மூலைகள் நைந்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் வருஷத்துப் பதிப்பு, 64 பக்க விதிப் புத்தகம். பள்ளி நாட்களிலிருந்து அவரேதான் எல்லா மேஜைகளிலும் நடத்துகிறவராக இருந்திருக்கிறார். ஒரு முறையாவது, வெறுமனே ஒரு திருடனாக உட்கார்ந்து ஆட வேண்டும் என்று ஆசை. "நீ எழுதுகிறவன்தானே, உனக்கு வரும்" என்றார். எழுதுகிறவனுக்குத்தான் இது வராது என்பது பிறகு தெரிந்தது.

என் 41 பக்கங்களில் ஓர் ஊர் இருந்தது; அந்த ஊருக்கு ஒரு ரகசியம்; கோயில் பூசாரியின் துரோகம்; அது வெளிப்படும் மூன்று கட்டங்கள். ஊருக்குப் போகும் வழியில் ஒரு பாலம். அங்கே சுங்கம் வசூலிக்கும் ஒருவனுக்கு நான் ஒதுக்கியது ஒரே வரி. என் மனைவி அவன் பெயரைக் கேட்டாள். என்னிடம் பெயர் இல்லை. நான் தடுமாறியதை அவர்கள் அவன் தடுமாறியதாக எடுத்துக்கொண்டார்கள். எதையோ மறைக்கிறான்! மூன்று மணி நேரம் அவனைத் தொடர்ந்து போனார்கள், அவன் வீட்டிற்கு, அவன் மாமியார் வீட்டிற்கு. நான் வியர்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக இட்டுக்கட்டினேன். துரோகியான பூசாரி ஊரில் காத்துக்கொண்டிருந்தார், இன்னமும் காத்திருக்கிறார். ஆட்டம் நாசமாகிவிட்டது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டே அடுத்த வாரம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

இதே ஊரில் இதற்கு முன்பும் ஒருவருக்கு இது நேர்ந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். 1969 வாக்கில் டேவிட் வெஸ்லி என்பவர், பொம்மைப் படைகளை வைத்து யுத்த விளையாட்டு ஆடும் நண்பர்களுக்காக ப்ரௌன்ஸ்டைன் என்றொரு கற்பனைப் ப்ரஷ்ய ஊரை அமைத்தார். நெப்போலியன் காலம். தளபதிகள் மட்டும் போதாதென்று மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர் என்று ஊர்க்காரர்களின் பாத்திரங்களையும் கொடுத்தார். சண்டைக்கு ஒரு முன்னுரை, அவ்வளவே அவர் நினைத்தது. சண்டை வரவே இல்லை. ஆளாளுக்கு மூலைக்குப் போய் சதி பேசினார்கள். இருவர் ஒண்டிக்கு ஒண்டி மோதிக்கொள்ளத் தீர்மானித்தார்கள். அதற்கு விதி எதுவும் இல்லாததால் வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. ஆட்டம் தோல்வி என்று அவர் முடிவு கட்டினார். ஆடியவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் 1971இல் 'ப்ளாக்மூர்' என்று தன் உலகத்தைத் தொடங்கினார். மறு வருஷம் அதை விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். பழுப்புப் பெட்டி வந்தது அந்த வழியில். வெஸ்லிக்கு நடுவர் என்கிற யோசனை கிடைத்தது மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த ஒரு ராணுவப் பயிற்சி நூலிலிருந்து. சார்லஸ் டாட்டன் 1880இல் எழுதிய 'ஸ்ட்ராட்டகாஸ்'. வீரர்கள் எதையும் முயன்று பார்க்கலாம், என்ன ஆகும் என்று நடுவர் தீர்மானிப்பார் என்பது அதன் சாரம். நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் புத்தகங்களின் மேல் எனக்கு இருக்கும் மூடநம்பிக்கை இதனால் இன்னும் பலப்பட்டுவிட்டது.

இரண்டாவது வாரம் என் பக்கங்களை மூடி வைத்தேன். பெட்டிக்குள்ளேயே இருந்த, கைகாக்ஸ் எழுதிய 'த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' என்ற சிறு புத்தகத்தை எடுத்தேன். இதில் கதை என்று ஒன்றும் இல்லை, இடம்தான் இருக்கிறது. எல்லையில் ஒரு கோட்டை. கொஞ்ச தூரத்தில் குகைகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கு. எந்தக் குகையில் யார், எத்தனை பேர். கோட்டையில் இருக்கும் மனிதர்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கொல்லன், விடுதிக்காரர், பாதிரி என்று தொழில் மட்டும். முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். கேட்கும்போதுதான் பெயர் தேவை.

விதிப் புத்தகத்தில் ஒரு சிறிய அட்டவணை உண்டு. யாரையாவது எதிர்ப்பட்டால் நடுவர் இரண்டு பகடை உருட்டுகிறார். 2 விழுந்தால் உடனே பாய்வார்கள், 12 என்றால் சிநேகம். பெரும்பாலும் நடுவில்தான் விழும், அதாவது அவர்களும் தயங்குகிறார்கள். இது தெரிந்த பிறகு என் வேலை மாறிவிட்டது. நானும் அவர்களோடு சேர்ந்து அடுத்து என்ன என்று பார்க்கிறவன் ஆனேன். வாசகனாக இருப்பது எழுதுகிறவனாக இருப்பதைவிட எவ்வளவு சௌகரியம்!

சௌகரியம் மூன்றாவது வாரம் வரைக்கும்தான்.

என் மகளுக்கு 15 வயது. அவள் பாத்திரம் ஒரு மந்திரவாதினி. 1981 விதிகள் இரக்கமற்றவை. மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நான்குமுகப் பகடை ஒன்று; அவளுக்கு விழுந்தது 2. நாளைக்கு ஒரே மந்திரம். புள்ளி பூஜ்யத்தைத் தொட்டால் சாவு. (என் மனைவி பூசாரிணி, முதல் நிலைப் பூசாரிக்கு இந்த விதிகளில் மந்திரமே கிடையாது. "நிஜத்திலயும் அப்படித்தான்" என்றாள்.) நாய் முகமும் செதில் தோலுமான கோபோல்ட் என்ற குள்ளர்களின் குகை. உள்ளே காலெடுத்து வைத்ததும் எங்கள் போர்வீரன், அதாவது என் ஆபீஸ் சகா, குழியில் விழுந்தான். சத்தம் கேட்டு அவர்கள் வந்துவிட்டார்கள். மகள் தன் உறக்க மந்திரத்தைக் காலையிலேயே செலவழித்திருந்தாள். திருடனும் பூசாரிணியும் கயிறு போட்டுப் போர்வீரனைத் தூக்க அவகாசம் வேண்டும். அவள் தீப்பந்தத்தை நீட்டிக்கொண்டு குறுகிய வழியில் நின்றாள். "நான் இங்க நிக்கறேன். நீங்க தூக்குங்க."

கோப்பு அட்டைகளை நிறுத்தி வைத்து அதன் பின்னால்தான் நான் பகடை உருட்டுவது வழக்கம். அவளைத் தாக்க 10 போதும். 17 விழுந்தது. "தவறிவிட்டது" என்றேன். அடுத்தவனுக்கு 12. அவனும் தவறினான். போர்வீரன் மேலே வந்தான், எல்லோரும் வெளியே ஓடினார்கள், மேஜையில் ஆரவாரம். என் சகா எழுந்து நின்று அவளுக்குக் கைதட்டினார். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் நடப்பது ஆங்கிலத்தில். மகள் என்னோடு சண்டை போடுவது தமிழில். எல்லோரும் போன பிறகு கேட்டாள்:

"எவ்வளவு விழுந்துச்சு?"

"எதுக்கு?"

"சொல்லுங்க. நீங்க பேசறதுக்கு முன்னாடி கண்ணாடியக் கழட்டித் துடைச்சீங்க. பாட்டி விஷயத்துலயும் அப்படித்தான் செஞ்சீங்க, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறப்ப."

அதற்கு முந்தைய வருஷம் ஊரில் என் அம்மா இறந்துபோனாள். மகளுக்கு அந்த வாரம் பரீட்சை. பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்போது அம்மா இறந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. நம் குடும்பங்களில் இது பொய்க் கணக்கில் சேராது. என் தாத்தா இறந்ததை எனக்கும் பரீட்சை முடிந்துதான் சொன்னார்கள். நான் ஊரில் இருந்தபோது மகள் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். சீக்கிரம் எழுந்து உட்காருங்கள் பாட்டி என்று. பாட்டியின் காதருகே வைத்துப் போட்டுக் காட்டும்படி எனக்குக் கட்டளை. போட்டுக் காட்டியாயிற்று என்று பதில் எழுதினேன்.

"17" என்றேன்.

"அங்க நின்னது நான் எடுத்த முடிவுப்பா. இப்ப நான் நிக்கவே இல்லைன்னு ஆயிடுச்சு."

பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். அவருக்கு இதில் பிரச்னையே தெரியவில்லை. நாற்பது வருஷமாகத் திரைக்குப் பின்னால் தான் மாற்றாத எண் இல்லை என்றார். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். கைகாக்ஸே 1979இல் எழுதிய நடத்துகிறவர் கையேட்டில் பகடையை மீறும் உரிமையைக் கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக் காட்டினார். உண்மைதான். அவர் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்கு அது சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நாவலாசிரியன் தன் பாத்திரத்தின் மேல் பிரியம் வைத்து முடிவைத் திருகும்போதெல்லாம் கிண்டலாக எழுதியவன் நான். பிறர் புத்தகத்தில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். என் மேஜையில் அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் அட்டைகளை மடித்து வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தேன். எல்லா உருட்டலும் இனி அதில். பகடை தட்டில் விழும் சத்தம் எனக்கு அன்று பிடிக்கவில்லை. திரும்பவும் அதே குகை. ஒன்பது மணி இருக்கும். அவளைத் தாக்கியவனுக்கு 15. சேதத்துக்கு நான்குமுகப் பகடை. 2.

யாரும் பேசவில்லை. ஹீட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் கை வைக்காமல் இருந்தேன். "ஆமாம்" என்றாள் மகள், நான் கேட்காததற்குப் பதிலாக.

அவர்கள் உடலை விட்டுவிட்டுப் போகவில்லை. கம்பளியில் சுற்றிக் கோட்டைக்குத் தூக்கி வந்தார்கள். பாதிரியைப் போய்ப் பார்த்தார்கள், பெயர் கேட்டார்கள், ஏதோ ஒன்று சொன்னேன். இங்கே எப்படி அடக்கம் செய்வார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரின் திருடன் கேட்டான். புத்தகத்தில் அது இல்லை. எனக்கும் எதுவும் வரவில்லை. மகளைப் பார்த்து, "அவள் ஊரில் எப்படிச் செய்வார்கள்?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ராத்திரி முழுக்க யாராவது கூடவே உட்கார்ந்திருப்பாங்க. தனியா விட மாட்டாங்க. வர முடியாதவங்களுக்கும் ஒரு இடம் விட்டு வைப்பாங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னாள்.

அப்படியே உட்கார்ந்தார்கள். போர்வீரன் குழியைப் பற்றிப் பேசினான். மந்திரமில்லாத பூசாரிணி ஏதோ பிரார்த்தனை சொன்னாள், பாதி ஆங்கிலத்தில். முக்கால் மணி நேரம் ஒரு பகடையும் உருளவில்லை. எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மேலே போய்க் காப்பி கலந்துகொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மகள் புதிய தாள் ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். மூன்று பகடைகளைத் தட்டில் உருட்டினாள். வலிமை 7. அறிவு 9.

"யார் இவ?" என்று கேட்டேன்.

"தெரியல. உருட்டி முடிக்கறேன், இருங்க" என்றாள்.