காக்கைத்தீவுக் கரையில் எம் ஓட்டம்

யூபிலி மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று கேட்டபோது, தமிழாசிரியர் தருவது இலக்கியமாகவே இருக்கும் என்று எண்ணியிருப்பர். யாம் எழுத முற்பட்டதோ ஓட்டத்தைப் பற்றி. எம்மிடம் பயின்ற பழைய மாணவர் இதனைக் கண்டு நகைப்பர் என்பதை அறிவோம். இல்ல விளையாட்டுப் போட்டி நாளிலே குடைநிழலில் நாற்காலியிட்டமர்ந்து, வென்றோர் பெயரை எழுத்துப் பிழையின்றிக் குறித்துக் கொடுப்பதே நெடுங்காலம் எமது மெய்வல்லுநர் பணியாய் இருந்தது. ஆசிரிய கலாசாலையில் உடற்கல்விப் பாடத்தை எவ்வாறு கடந்து வந்தோம் என்பது எமக்கே விளங்காத புதிர்.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரம், மூக்குக் கண்ணாடி மாற்றச் சென்றவிடத்தில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுமாறு கூறினர். உண்ணாதிருந்து கொடுத்த இரத்தத்திற் சீனி 118. அது 100க்குக் கீழ் இருந்தாற் சுகம். 126ஐ எட்டினால் நீரிழிவு. "சேர், நீங்கள் இன்னும் உள்ளுக்கு வரேல்லை, வாசற்படியில நிக்கிறியள்" என்றார் வைத்தியர். எம் தந்தையார் அப்படியைக் கடந்து உள்ளே சென்றவர். ஐம்பத்தெட்டாம் வயதிலே காற்பெருவிரலில் தோன்றிய சிறு புண் முழங்காலுக்குக் கீழுள்ள யாவற்றையும் கொண்டுபோயிற்று. அவர் தோளைத் தாங்கி முற்றத்தில் நடத்திய மாலைகள் எம் நினைவில் உள்ளன. அன்றிரவு பிட்டு உண்ணும்போது, எம்மைத் தாங்கி நடத்தப்போவது எவர் என்று பிள்ளைகளின் முகங்களை மாறி மாறிப் பார்த்தோம்.

மறுநாள் விடியுமுன் நடக்கப் புறப்பட்டோம். மட்டக்குளி ஒழுங்கைகளில் அந்நேரத்துக்கு ஆட்சி நாய்களுடையது. அவற்றை அஞ்சி எம் மனைவியார், பதினான்கு வயது மகளையும் ஒரு தடியையும் துணையாக அனுப்பினார். தடி எம் கையில் இருந்தது; தலைமை மகளிடம் சென்றது. நான்காம் நாளே, "அப்பா, நடந்தது காணும், இனி ஓடுவம்" என்றாள். நூறு பாகம் ஓடுமுன் எமக்கு மூச்சிரைத்தது. அதன் மேல் அவள் கைத்தொலைபேசியில் ஒரு முறையைத் தேடிப் பிடித்தாள். ஐந்து நிமிடம் விரைந்து நடத்தல். பின்னர் அறுபது விநாடி ஓட்டம், தொண்ணூறு விநாடி நடை என மாறி மாறி இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள். ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீற்றரை நெருங்கலாம் என்பது கணக்கு. ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர் ஐம்பது கடந்த தம் தாயாரை மனத்திற்கொண்டு 1996இல் வகுத்தது அது என்று பின்னர் அறிந்தோம். பிள்ளை பெற்றோருக்குப் பாடம் வகுத்தல் முருகப்பெருமானோடு நின்றுவிடவில்லை போலும்.

இவ்விடத்திலே யாம் மறைக்க விரும்பிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம் மகள் சிறுமியாய் இருந்தபோது தன் பாடசாலையில் அஞ்சல் ஓட்டத்தின் இறுதிக் கோலை ஏந்தியவள். பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கும் முடிந்தபின், 2023இல் விளையாட்டுப் போட்டி நெருங்கிய வேளை, மாமியார் முகஞ் சுழித்தார். உறவினர் சிலர் ஒன்று சொன்னார்கள். யாம் வாதிடவில்லை. 'உடல்நலங் குன்றியமையால் இவளை விடுவிக்க வேண்டுகிறேன்' என்று பாடசாலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். இலக்கணப் பிழை ஒன்றேனும் இல்லாத கடிதம். உண்மை ஒரு சொல்லேனும் இல்லாத கடிதம். அவள் அதனை வாசித்துப் பார்த்து, மடித்து, புத்தகப் பையில் வைத்துக்கொண்டாள். ஒன்றுஞ் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து, எம் உடல்நலங் குன்றியபோது எம்மை ஓடச் செய்தவள் அவளே.

மாமியார் இம்முறையும் வாளாவிருக்கவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளையைத் தெருவில ஓட விடுறியளோ?" என்றார். உலகமும் நெடுநாள் அவர் பக்கமே நின்றது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1928இல் ஆம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கிலே பெண்கள் 800 மீற்றர் ஓடினர். சிலர் களைத்து வீழ்ந்தனர் என்று பத்திரிகைகள் கூக்குரலிட, அப்போட்டி 1960இல் உரோமாபுரி விழா வரும்வரை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. பெண்களுக்கான மரதன் 1984இல்தான் ஒலிம்பிக்கிற் சேர்ந்தது. இவையெல்லாம் மாமியாரிடம் எடுபடவில்லை. எடுபட்டது முல்லைத்தீவுச் செய்தி. 2023 நவம்பரிற் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், எழுபது கடந்த அகிலத்திருநாயகி அம்மையார் தங்கப் பதக்கம் வென்ற படத்தை மகள் காட்டினாள். மாமியார் கண்ணாடியை எடுத்து மாட்டி நெடுநேரம் பார்த்தார். "என்னிலும் ரண்டு வயசு மூப்பு" என்றார். அவ்வளவே.

மூன்றாம் வாரம் மனைவியாரும் சேர்ந்தார். முதல் இரு நாள் சேலையுடன் ஓடி, மூன்றாம் நாள் சல்வாருக்கு மாறினார். ஒன்பது வயது மகன் தானே வந்து ஒட்டிக்கொண்டான். குடும்பமாக ஓடுதல் இன்பமென்று சொல்வோர் ஒரு சிறுவனுடன் ஓடிப் பார்த்திரார். அவன் அம்புபோற் பாய்ந்து, இருநூறு மீற்றரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவான். மகள் முன்னே, மனைவியார் நடுவே, யாம் பின்னே, எல்லோரும் ஒருவரையொருவர் கடிந்தபடி. இலண்டனிலுள்ள எம் தம்பி குடும்பத்துக்குச் சனிக்கிழமைதோறும் பூங்காவில் ஐந்து கிலோமீற்றரும் சிறுவர்க்கு ஞாயிறு தோறும் இரண்டு கிலோமீற்றரும் தொண்டர் பலர் நின்று நடத்துகின்றனர். 2004இல் புஷி பூங்காவிற் பதின்மூவருடன் தொடங்கியதாம் அவ்வேற்பாடு. மட்டக்குளியில் எமக்கு ஏற்பாட்டாளர் எம் மகளே. அவள் ஒரு விதி செய்தாள்: பேசிக்கொண்டே ஓட இயலாதவர் எவரோ, அவர் வேகமே அனைவர் வேகம். அன்று முதல் எம் வேகமே குடும்பத்தின் வேகமாயிற்று. இதுகாறும் யாம் என்று எழுதி வந்தது ஆசிரியர் வழக்கு; ஒருவரே நின்று பன்மை பேசுதல். கேட்போரையும் உள்ளடக்குவது நாம் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அதனை எம் வீட்டிற் சொல்ல இத்துணைக் காலம் ஆயிற்று.

காக்கைத்தீவுக் கடற்கரையை அறியாத அன்பர்க்கு ஒரு வார்த்தை. சிவனொளிபாதமலைப் பக்கத்தே பிறக்கும் களனி கங்கை, 145 கிலோமீற்றர் ஓடி வந்து கடலோடு கலப்பது இதன் அருகேதான். மழைக்காலத்தில் நீர் தேயிலைச் சாயம்போற் கலங்கி, மரக்கிளைகளையும் ஊர்க்குப்பை அனைத்தையும் கரையில் ஒதுக்கும். மேற்கே துறைமுகத்துக்காகக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அணையும். முதுகுப்புறத்தே பொழுது புலரும். உலர்ந்த மணலில் ஓடினாற் கணுக்கால் புரளும். அலை நனைத்துச் சென்ற ஈரமணலே ஓடற்குகந்தது. படகிழுக்கும் மீனவர் எம் மகனைச் சிங்களத்தில் "துவன்ன, துவன்ன" என்று ஊக்குவர். வெள்ளவத்தையில் வாழும் நண்பர்கள் காலிமுகத்திடலைப் புகழ்வர், புகழட்டும்.

ஒன்பது வாரக் கணக்கு எமக்குப் பதினாறு வாரமாயிற்று. இடையே முழங்கால் வலி, தென்மேற்குப் பருவமழை, சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம். ஐந்து கிலோமீற்றரை முதன்முறை முடித்தது 44 நிமிடத்தில். அதனை ஓட்டமென்று சொல்ல எம் மகனுக்கு மனம் வரவில்லை. ஆண்டு முடிவில் இரத்தச் சீனி 104. படியைவிட்டு இறங்கியாயிற்று என்று சொல்லமாட்டோம். ஓடும் தசை இன்சுலினைப் பெரிதும் எதிர்பாராமலே சீனியை உள்ளீர்த்துக் கொள்ளும் என்றும், ஓட்டத்தை விட்டுவிட்டாற் சில நாட்களில் அப்பயன் தேய்ந்துவிடும் என்றும் வைத்தியர் விளக்கினார். எனவே விடுவதற்கில்லை.

2025இல் விளையாட்டுப் போட்டிக்கான பெற்றோர் சம்மதப் படிவத்தை மகள் எம் மேசைமேல் வைத்துவிட்டு அப்பாற் சென்றாள். ஒப்பமிட்டோம். பேனாவை மூடாமற் சிறிது நேரம் இருந்தோம். மன்னிப்பு என்ற சொல்லை அப்படிவத்தில் எழுத இடமில்லை. அன்று மாலை அவளிடம் வாய்விட்டே சொன்னோம். "தெரியுமப்பா" என்றாள்.

1500 மீற்றரில் நான்காவதாக வந்தாள். வீடு திரும்பியபோது வாசலில் நின்ற மாமியார் வினவியது இது: "மூண்டு பேரை முன்னுக்குப் போகவிட்டிட்டு நீ என்ன பாத்துக்கொண்டிருந்தனி?"