எந்தப் பானையில் அவித்தது?

ஜப்பானின் சிக்கோக்குத் தீவில் உள்ள தகமட்சு நகருக்கு மகளிடம் போயிருந்தேன். அந்நகர் இருக்கும் ககாவா, ஜப்பானின் மிகச் சிறிய மாகாணம். ஆனால் 'உடோன்' என்னும் தடித்த கோதுமை நூடில்ஸுக்குப் பேர்போனது.

ஒருநாள் மத்தியானம், ஒன்றரை வயதுப் பேரனோடு சிறிய கடையொன்றுக்குப் போனோம். பேரனுக்கு 'சோபா' நூடில்ஸ் ஆகாது. அது பக்வீட் என்ற தானிய மாவில் செய்வது. முன்பு ஒரு வாய் உண்டதற்கே உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறியதாம். "உடோன் கோதுமைதானே, பயமில்லை" என்றேன் நான். மகளோ கடைக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் உடனே கொதிக்கும் பானையைக் காட்டி, இரு கைகளையும் குறுக்கே வைத்தார். இரண்டு நூடில்ஸும் ஒரே தண்ணீரில்தான் அவிகின்றனவாம்! எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளே சமைத்தாள். பைக்கற்றில் சோபா பற்றிய குறிப்பு உண்டா என்று முதலில் பார்த்தாள். அதைக் குறிப்பிடுவது அங்கே சட்டம். உலர்ந்த உடோனை விரலால் நசுங்கும்வரை அவித்து, உப்பு இறங்கிய தண்ணீரை வடித்து, கழுவி, 2 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டினாள். நெத்தலிக் கருவாடும் 'கொம்பு' என்ற கடற்பாசியும் ஊறிய சாற்றில் கரட்டும் கீரையும் வேகவைத்துச் சேர்த்தாள். சோயா சோஸ் ஒரு துளிதான்.

பேரன் கிண்ணத்தை வழித்து உண்டான்.

சகோதரிகளே, ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு வெளியில் உணவு வாங்கும்போது என்ன போட்டது என்பதோடு, எந்தப் பானையில் அவித்தது என்றும் கேளுங்கள்.