உம்மாவின் வெள்ளிக்கிழமை மாத்திரை



வீராம்பட்டினத்தில் எங்கள் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து என் தாயார் மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். எலும்பு மெலிந்துவிட்டது என்று கூறிய மருத்துவர், வாரம் ஒன்று வீதம் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை எழுதித் தந்தார். ஜும்ஆ நாள் மறக்காது என்று வெள்ளிக்கிழமையையே உம்மா தேர்ந்துகொண்டார்கள்.

மூன்றாம் வாரம் நெஞ்செரிச்சல். ஐந்தாம் வாரம், சோறு இறங்கும்போது முள்ளாய்க் குத்துகிறது என்றார்கள். மீன் முள்ளாக இருக்கும் என்று வாழைப்பழம் கொடுத்தேன்! கடலோர ஊரில் வேறென்ன தோன்றும்? பிள்ளைகளுக்குக் கிதாபு ஓதிக்கொடுக்கும் நான், மருந்துடன் வந்த தாளை மட்டும் ஓதிப் பார்க்கவில்லை.

மருத்துவர் விசாரித்தபோது காரணம் புலப்பட்டது. உம்மா ஸுப்ஹுக்கு எழுந்து ஒரு மிடறு தண்ணீரில் மாத்திரையை விழுங்குவார்கள். உடனே தொழுகை, ருகூஉ, ஸுஜூது. பிறகு சற்றே படுத்துவிடுவார்கள். மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிட்டது. வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீருடன் விழுங்கி, 30 நிமிடமாவது குனியாமல், படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டுமாம். தேநீர், கால்சியம் மாத்திரை எல்லாம் அதன் பின்னரே. முதலில் தொழுதுவிட்டுப் பிறகு விழுங்கியிருக்கலாமே என்று உம்மா வருந்தினார்கள்.

மாத்திரை நின்றது. புண் ஆறியபின் சிறுநீரகத்தைச் சோதித்து, ஆண்டுக்கொரு முறை நரம்பில் ஏற்றும் ஸோலிட்ரோனிக் அமிலம் கொடுத்தனர். அன்றிரவு காய்ச்சலும் உடல்வலியும். மூன்று நாளில் அடங்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

பதற வேண்டியவை வேறு. விழுங்கும்போது வலி, இரத்த வாந்தி, கறுத்த மலம் கண்டால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரை நாடுங்கள். உதடு மரத்து, கைகால் இழுத்தால் இரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம். அதற்கும் தாமதம் கூடாது. பல ஆண்டுகள் இம்மருந்தை உட்கொண்டவருக்குத் தொடையிலோ இடுப்புச் சந்திலோ காரணமற்ற வலி தோன்றினால், மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிராதீர்கள். தொடை எலும்பில் விரிசல் காணக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-இல் எச்சரித்தது. பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடையெலும்பு வெளித்தெரிவதும் உண்டு. இவை அரியவை; மெலிந்த எலும்பு முறிவதோ அத்தனை அரிதன்று. எனவே பயந்து நீங்களாக மருந்தைக் கைவிடாதீர்கள். குறிப்பாக, ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தவறவிட்டால் முதுகெலும்பு முறியும் ஆபத்து கூடுகிறது.

சென்ற வாரம் உம்மாவின் கடைவாய்ப்பல் ஆடிற்று. பல் மருத்துவரின் நாற்காலியில் அமருமுன்பே, "தம்பி, எனக்கு எலும்புக்கு ஊசி ஏற்றியிருக்கிறது, தெரிந்துகொண்டு கை வையுங்கள்" என்றார்கள்.