விளையாட்டிலும் ஒரு படிப்பினை

 

"ஹஜ்ரத், பையன் எந்நேரமும் கைபேசி விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கிறான், நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும்" என்று கரையாம்புத்தூரில் என்னிடம் முறையிடும் தாய்மார் பலர். புத்தி சொல்லுமுன், அவ்விளையாட்டு எதைக் கொண்டு மனிதனைக் கட்டிப்போடுகிறது என்பதை நாம் அறிய வேண்டாமா?

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று வளைகுடாவில் பணிபுரிகிறார். பல்லாண்டுகளாக விடாமல் ஆடிவரும் இணையவழி விளையாட்டொன்றை விடுப்பில் வந்தபோது காட்டினார். 1997-இல் சுவீடனில் தோன்றிய 'ஹாட்ரிக்' என்னும் கால்பந்து மேலாண்மை விளையாட்டு அது. அதில் பந்தை உதைக்கும் வேலையே இல்லை. ஆடுபவர் ஓர் அணியின் மேலாளர். வீரரைத் தேர்வதும், பயிற்சியை வகுப்பதும், வரவு செலவு பார்ப்பதும் அவர் பொறுப்பு. ஒரு பிரிவில் 8 அணிகள். ஒரு பருவத்திற்கு 16 வாரங்கள். அதில் 14 லீக் ஆட்டங்கள். பயிற்சியின் பலன் வாரத்திற்கு ஒரு முறையே தெரியும்.

"இவ்வளவு மெதுவாக நகர்வதில் என்ன சுவை?" என்று வினவினேன்.

"மெதுவாக நகர்வதுதான் ஹஜ்ரத் சுவை! 17 வயதில் சேர்த்த பையன் வாரந்தோறும் சிறிது சிறிதாகத் தேறுகிறான். பாதியில் விட்டுவர மனம் வருவதில்லை" என்றார்.

சிந்தித்துப் பாருங்கள்! மனிதன் வெற்றியை விடத் தான் வளர்த்ததையே அதிகம் நேசிக்கிறான். அங்கே பணம் கட்டினால் சில வசதிகள் கிடைக்கலாம், வெற்றி கிடைக்காது. உழைப்பும் காத்திருப்புமே அங்குச் செல்லுபடியாகும் நாணயம். எதிரணிகளை நடத்துவோரும் மனிதர்களே. அவர்களோடு பேசிப் பழகி நட்பும் வளர்கிறது. தாயகத்தைப் பிரிந்து தனியறையில் வாழ்பவனுக்கு அது பெரிய ஆறுதல்.

பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. சூதாட்டத்தைத் திருக்குர்ஆன் (5:90) திட்டவட்டமாகத் தடுத்துள்ளது. நம் நாட்டிலும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட் மாதத்தில் நிறைவேறியது. இங்கோ பணயம் இல்லை. எனினும் காலம் என்னும் விலைமதிப்பற்ற முதல் செலவாகிறது. அதற்கும் மறுமையில் கணக்குண்டு.

அம்மாணவரின் மகன் எங்கள் மதரஸாவில்தான் ஓதுகிறான். ஆகவே கேட்டேன்: "திரையிலுள்ள பையன் இவ்வாரம் எவ்வளவு தேறினான் என்பதை அறிவீர்கள். உங்கள் மகன் இப்போது எந்த சூராவை மனனம் செய்கிறான்?"

அவர் மௌனமானார். பயணம் திரும்பிய பின் வெள்ளிதோறும் தொலைபேசியில் அழைத்து, மகனின் அவ்வாரப் பாடத்தை ஓதச் சொல்லிக் கேட்கிறார். ஐந்து நிமிடங்கள்தாம்! ஆனால் முன்பு பாடத்தில் சோம்பியிருந்த அச்சிறுவன், இப்போது வியாழன் மாலையே என்னிடம் வந்து, "ஹஜ்ரத், ஒரு தடவை சரி பாருங்கள், நாளைக்கு அத்தாவிடம் ஓத வேண்டும்" என்கிறான்.

சிறிதாயினும் நிலையாகச் செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. அந்த விளையாட்டை அமைத்தவர்கள் மனித மனத்தின் இவ்வியல்பை நன்கறிந்து பயன்படுத்தியுள்ளனர். பெற்றோராகிய நாமோ ஆண்டிறுதியில் மதிப்பெண் பட்டியலை மட்டும் கேட்டுச் சினங்கொள்கிறோம்.

பெற்றோரே! பிள்ளையின் கைபேசியைப் பறிப்பது எளிது; பறித்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம்? அவன் இவ்வாரம் எதைக் கற்றான் என்று வாரம் ஒரு முறையேனும் கேளுங்கள். கேட்பதை இடையில் நிறுத்திவிடாதீர்கள். தன் சிறு வளர்ச்சியையும் கவனிக்க ஒருவர் உண்டென்று அறிந்த பிள்ளை, அவரை நாடியே வருவான்.

நம் மக்களைப் பொறுமையோடு வளர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.