குடும்பச் சூழ்நிலை காரணமாக

கல்லூரியை விட்டு நிற்கிற பிள்ளை மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதும் கடிதத்தில் காரணம் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக.’ அரசு கலைக் கல்லூரிகளில் 33 ஆண்டுகள் வரலாறு நடத்தினேன். அந்த வரிக்குக் கீழே எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

கற்றுக்கொடுத்தவள் ஒரு மாணவி. இரண்டாம் ஆண்டு, நன்றாகப் படிப்பவள். அவளும் அதே வரியோடு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டு கையெழுத்திட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். “கல்யாணமெல்லாம் இல்ல சார். சாயங்கால பஸ் டைம மாத்திட்டாங்க. வீட்டுக்குப் போய்ச் சேர ராத்திரி ஆயிடுது. அப்பா வேணாம்னுட்டாரு” என்றாள். அப்போது கல்லூரிக்குப் பக்கத்திலேயே அரசு மாணவியர் விடுதியில் இடம் காலியாக இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. இன்றும் அந்த நினைவு என்னை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு யார் கடிதம் கொண்டுவந்தாலும் நாற்காலியைக் காட்டி, “உட்காருப்பா” என்பேன். உட்கார்ந்தபின் வெளியே வருவது வேறு கதையாக இருக்கும். ஒரு பையனுக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் ஒரு அரியர். வீட்டில் அதை ‘ஃபெயில்’ என்று எடுத்துக்கொண்டார்கள். “ஃபெயிலானவனுக்கு இனி எதுக்குச் செலவு?” என்று அப்பா சொல்லிவிட்டார். அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட தாளைத் திரும்ப எழுதலாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. படித்தவர்கள் உள்ள வீடாக இருந்தால், “எனக்கும் ரெண்டு அரியர் இருந்துச்சுடா” என்று ஒரு சித்தப்பா முதுகில் தட்டியிருப்பார். முதல் தலைமுறையில் படிக்க வருகிறவனுக்கு அந்தச் சித்தப்பா கிடையாது. மறுநாள் அவன் அப்பாவை வரவழைத்து, அந்தச் சித்தப்பா சொல்லியிருக்க வேண்டியதை நான் சொன்னேன். பையன் பட்டம் வாங்கித்தான் வெளியே போனான்.

வருகைப் பதிவேட்டைக் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் எனக்கு வந்தது. முகூர்த்த நாளில் வராதவன் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பான். இலை போட்டு, சாம்பார் வாளி தூக்கி, ராத்திரியே கூலி வாங்கிக்கொண்டு, மறுநாள் தூக்கக் கண்ணோடு வகுப்பில் இருப்பான். அவன் உடம்பை நினைத்துத்தான் எனக்குக் கவலை. படிப்பை அவன் விட மாட்டான், அதற்காகத்தானே வாளி தூக்குகிறான். செவ்வாய் ஒரு நாள், வெள்ளி ஒரு நாள், முதல் மணி மட்டும் ஒரு நாள் என்று கணக்கில் அடங்காமல் விடுபடுகிறவன்தான் கைநழுவிப் போகிறவன். விசாரித்தால், வகுப்பில் அவனுக்குப் பேச்சுத் துணை இருக்காது. மதியம் பஸ் ஸ்டாண்டில் போய்த் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பான். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவனுக்கு இங்கே எல்லாம் ஆங்கிலம். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். வெட்கத்தில் ஒரு நாள் லீவு. லீவில் விட்ட பாடத்தால் அடுத்த பாடமும் புரியாது. கடைசியில் 75 சதவீத வருகை விதி வந்து குறுக்கே நிற்கும். அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒரு கடனோ நோவோ வந்தால் போதும், ‘குடும்பச் சூழ்நிலை’ தயார்.

பணக் கஷ்டத்தைச் சின்னதாகச் சொல்ல எனக்கு மனம் வராது. தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்களைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் தரும் மாதம் 1,000 ரூபாயின் கனம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேரும், “ஏண்டா நேத்து வரல?” என்று கேட்காது. கேட்க வேண்டியவர்கள் நாம்தான். கல்லூரியின் படிப்போடும் மனிதர்களோடும் ஒட்டாமல் போகிற மாணவரே விலகிப் போகிறார் என்று அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ 1975-இல் விளக்கி எழுதினார். ஓய்வுக்குப் பிறகு அதைப் படித்தபோது அந்த பஸ் ஸ்டாண்ட் டிபன் பாக்ஸ்தான் என் கண்முன் வந்தது.

படித்து முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவரைச் சொல்வார்கள். நோட்டு கொடுத்த தோழி, ஒரே பஸ்ஸில் வந்த சீனியர் அக்கா, பீஸ் கட்டக் கடைசித் தேதியை ஞாபகப்படுத்திய ஆபீஸ் கிளார்க். எனக்கு அது ஹாஸ்டல் சமையல்காரர். 1970-இல் புகுமுக வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஆங்கிலம் புரியாமல் டிரங்குப் பெட்டியோடு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். “சாப்டுட்டுப் போ தம்பி” என்று உட்கார வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஊர், அம்மா, தம்பி தங்கைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாப்பிட்டு எழுவதற்குள் பஸ் போய்விட்டது. மறுநாள் கிளம்ப வேண்டும் என்றே தோன்றவில்லை.

முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், “இன்னைக்கு மத்தியானம் யார்கூடச் சாப்பிட்ட?” என்று கேளுங்கள். ஒரு பேர் வந்தால் நிம்மதியாக இருங்கள். “தனியாத்தான்” என்று தொடர்ந்து வந்தால், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, கல்லூரிக்குப் போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். ஆசிரியர் நண்பர்களே, அவர்கள் வாசலில் தயங்கி நிற்பார்கள். முதலில் ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்கள்.